உமிக்குள் கிடந்த கம்பியூட்டர்

றஸ்னா அந்தச் செய்தியை வாசித்துக் காட்டியபோது மீராசா தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டு போயிருந்தார். அப்படியே திரும்பக் கீழே வைத்தார்.

"கேளுங்க வாப்பா. இந்த மாசக் கடைசியோட பழைய விண்டோஸ் உள்ள கம்பியூட்டர் ஒண்டும் கம்பனி நெட்வேர்க்குக்குள்ள போகாதாம். பதினொண்டு போடணுமாம். போடாட்டி எனக்கு வேலையில்ல."

"இதில போட ஏலாதா?"

"ஏலா. இது கிழடு. உள்ளுக்குள்ள போர்ட மாத்தணும், டிஸ்க்க மாத்தணும். கல்முனையில வினோஜ் எண்டவர்ட கடையில குடுத்தா, பழைய டிஸ்க்கில இரிக்கிற எல்லாத்தையும் பாத்து எடுத்துப் புதுசில போட்டுத் தருவாராம். ரெண்டு மூணு நாள் அங்க கிடக்கணும்."

பாத்து எடுத்து என்ற சொல்லில் மீராசாவின் காது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மகள் சொன்னதொன்றும் உள்ளே போகவில்லை.

"வேணாம்" என்றார்.

"என்ன வேணாம்?"

"ஒண்டும் வேணாம். இது நல்லாத்தானே ஓடுது."

"இது ஓடல்ல வாப்பா, இழுபடுது. ஸ்விச்சப் போட்டுட்டு உம்மா சோறாக்கி முடிக்கலாம், அப்பவும் வந்திருக்காது. சத்தத்தக் கேளுங்க, மெஷின் போட் மாதிரி."

குசினிக்குள் இருந்து ஸகியா தலையை நீட்டினாள். "அவள்ட வேலையில மண்ணைப் போடாதீங்க. கொழும்புக்குப் போகாம, பஸ்ஸில இடிபடாம, ஊட்டுக்குள்ள முக்காட்டப் போட்டுட்டு இருந்து உழைக்கிறாள். அதையும் வேணாமெண்டா வேற என்ன வேணும் ஒங்களுக்கு?"

மீராசாவிடம் சொல்லப் பதில் இருந்தது. சொல்ல முடியாத பதில். பெனியனைத் தோளில் போட்டுக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டார்.

பயந்த மனுஷன் என்று அவரை ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். நற்பிட்டிமுனையில் வளர்ந்து, மீசை முளைக்கிற வயதில் நெல் மூட்டைக்குக் கீழே தலையைக் கொடுத்தவர். அடுக்கு சரிந்து தோள் எலும்பு முறிந்தபோதும் அவரே சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனவர். மூட்டைக்குள் இருந்து பாம்பு விழுந்தால் காலால் தட்டிவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்குவார். அந்த ஆளுக்கு மேசையில் கிடக்கிற அந்தக் கம்பியூட்டரின் கறுப்புப் பெட்டி என்றால் நெஞ்சு அடிக்கும். ஆறு வருடமாக அடிக்கிறது.

பெட்டிக்குள் மகன் றம்ஸீன் சேர்த்து வைத்த பயான்கள், மார்க்கப் பேச்சுகள், கிடந்தன. பத்தொன்பது வயதில் அவனுக்கு மார்க்கப் பைத்தியம் பிடித்திருந்தது. எங்கே மேடை போட்டாலும் கூட்டாளியோடு போய்க் குந்துவான், போனில் பதிவான், வந்து கம்பியூட்டரில் ஏற்றுவான். யார் யார் பேசியது, என்ன பேசியது, மீராசாவுக்கு ஒன்றும் தெரியாது. மூட்டை சுமந்து வந்தவருக்கு நித்திரை வரும், பயான் கேட்க வராது. பிறகு அவன் கட்டாருக்குப் போய்விட்டான். போய் நாலு மாதத்தில் அந்த ஏப்ரல் வந்தது.

ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் தேவாலயங்களில் குண்டு வெடித்தது, சில நாளில் பக்கத்தில் சாய்ந்தமருதிலும் வெடித்தது. வெடிக்க வைத்தவர்கள் மேடையில் மார்க்கம் பேசிய கூட்டம் என்றார்கள். அடுத்த நாளில் இருந்து ஊரில் அடுப்பெல்லாம் கடதாசியில் எரிந்தது. அரபெழுத்து உள்ள எதையும் வைத்திருக்கப் பயந்து சின்னப் பிள்ளைகளின் மதுரசாப் பாடப் புத்தகத்தைக்கூடச் சனம் எரித்தது. கிணற்றுக்குள் சீடி மிதந்தது. மேடையில் பேசுகிறவர்களில் ஒருவரைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது என்று கதை வந்தது. அவருடைய கூட்டத்துக்கு றம்ஸீன் போனவன் என்பது மீராசாவுக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்குக் கொத்து ரொட்டிக்குக் காசு கேட்டவன்.

ஸகியாவையும் றஸ்னாவையும் பொத்துவிலில் இருக்கிற மச்சாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீராசா தனியே இருந்து யோசித்தார். தனக்குத் தெரிந்த ஒரே ஒளிப்பிடம் எதுவோ அங்கே கொண்டு போனார். பெட்டியைக் கழற்றி உரப்பைக்குள் போட்டு, சைக்கிள் கரியரில் கட்டி, மில்லின் பின்பக்கம் மலை மாதிரிக் குவிந்து கிடக்கும் உமிக்குள் கை எட்டும் ஆழம் வரை தோண்டிப் புதைத்தார். கால்நடையாகச் சுற்றி வந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

மறுநாள் காலையில் வீட்டைச் சோதிக்க ஆமி வந்தது. அலுமாரியைத் திறந்தார்கள், அரிசிப் பீப்பாவுக்குள் கையை விட்டார்கள். ஒருவன் முன்னறை மேசைக்குக் கிட்ட வந்து நின்றான். அங்கே கம்பியூட்டரின் திரை இருந்தது. எழுத்துப் பலகை இருந்தது. மவுஸ் இருந்தது. வயர்கள் நாலைந்து மேசையைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தன, எதிலும் கொழுவாமல்.

"பெட்டி எங்க?" என்று கேட்டான்.

வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் மீராசா அப்படி வியர்த்ததில்லை. "பழுது சேர். செய்யக் குடுத்திரிக்கி."

"எந்தக் கடை?"

"கல்முனையில."

அவன் தலையாட்டினான். போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை. ஊர் அடங்கியதும், வீட்டார் வருமுன்னே, மீராசா பெட்டியைத் தோண்டி எடுத்துப் பழையபடி மேசையில் வைத்தார். ஆனால் எந்தக் கடை என்ற அந்தக் கேள்வி போகவே இல்லை. என்றைக்கோ ஒருநாள் எவனோ ஒருவன் கல்முனையில் கடை கடையாக ஏறி விசாரிப்பான் என்று ஆறு வருடமாக மீராசா காத்திருந்தார். இப்போது மகள் அந்தப் பெட்டியை உண்மையாகவே கல்முனையில் ஒரு கடைக்குக் கொண்டு போகப் போகிறாளாம்.

அழித்திருக்கலாமே என்று கேட்கலாம். அழிக்க அவருக்குத் தெரியாது. மகளிடம் சொல்லி அழிப்பித்திருக்கலாம். அதற்கும் மில்லில் கணக்குப் பார்க்கிற அப்துல் ஹமீட் ஆப்பு வைத்துவிட்டார். அந்த நாட்களில் ஒருமுறை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார்: "அழிச்சா மட்டும் போயிருமா மீராசா? அழிச்சதையும் எடுக்கிற மிஷின் இரிக்கி அவனுகளுக்கிட்ட. ஒண்டும் இல்லாட்டி என்னத்துக்குடா அழிச்ச எண்டு கேப்பானுகள். அழிச்சவன்தான் முதல்ல மாட்டுவான்." சும்மா சொன்ன கதை. மீராசாவுக்கு அது முதுகில் ஏறி இறங்காத மூட்டையாகிவிட்டது. மகளிடம் சொல்லாததற்கும் அவரிடம் நியாயம் இருந்தது. தெரியாதவளைப் பிடித்துக் கேட்டால் தெரியாது என்பாள். தெரிந்தவள் பொய் சொல்ல வேண்டி வரும்.

வைத்திருந்தாலும் பிழை, அழித்தாலும் பிழை. ஆகவே பெட்டி மேசையிலேயே கிடந்தது, இரைந்துகொண்டு.

வெள்ளிக்கிழமை றம்ஸீன் வீடியோவில் வந்தான். வருகிற மாதம் அவனுக்கு நிக்காஹ். டிக்கெட் போட்டாயிற்று. றஸ்னா போனைப் பிடித்துக்கொண்டு அண்ணனிடம் முறைப்பாடு செய்தாள்.

"காக்கா, வாப்பாக்கு நல்ல புத்தி சொல்லுங்க. இந்தக் கம்பியூட்டரக் கட்டிப்புடிச்சிட்டு இரிக்கார்."

"பழசத் தூக்கி எறிங்க வாப்பா" என்றான் றம்ஸீன். "நான் வரக்குள்ள புதுசு ஒண்டு கொண்டு வாறன். அதில என்ன இரிக்கி, என்ட பழைய..."

"அதப் பத்திப் போன்ல கதைக்காத!" மீராசா போட்ட சத்தத்தில் ஸகியா கையில் இருந்த அகப்பையோடு ஓடி வந்தாள்.

"எதப் பத்தி?" என்று மகன் கேட்டான்.

"கம்பியூட்டரப் பத்தி."

"லைன் சரியில்லையா?" என்றான் றம்ஸீன்.

"லைன் சரி. ஒங்கட வாப்பாக்குத்தான் எங்கயோ கழண்டிரிக்கி" என்றாள் ஸகியா. "கம்பியூட்டரப் பத்திக் கதைச்சா புடிச்சிட்டுப் போவானுகளாக்கும்!"

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். மீராசா போனைப் பிடுங்கி வைத்துவிட்டு வெளியே போய் முற்றத்தில் நின்றார். கட்டுநாயக்கா எயார்போட்டில் மகன் சூட்கேஸை இழுத்துக்கொண்டு வருகிறான். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவன் பாஸ்போட்டைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இங்கால வாங்க தம்பி என்கிறான். இவ்வளவும் அவருக்குப் படம் மாதிரித் தெரிந்தது. தூக்கி எறியச் சொல்கிறானே, எங்கே எறிவது? எறிந்தால் பொறுக்குகிறவன் யார்?

திங்கட்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது மேசை வெறுமையாக இருந்தது. திரை, எழுத்துப் பலகை, மவுஸ், தொங்குகிற வயர். பெட்டி இல்லை. மீராசாவுக்கு ஒரு கணம் இது எந்த வருடம் என்று தெரியவில்லை.

"எங்க?"

"மகள் த்ரீவீலில ஏத்திட்டுப் போனாள்" என்றாள் ஸகியா. "நான்தான் போகச் சொன்ன. கத்திறதெண்டா எனக்குக் கத்துங்க."

மீராசா கத்தவில்லை. சோற்றைத் தொடாமல் சைக்கிளை எடுத்தார்.

வினோஜின் கடை கல்முனைச் சந்தையில் இருந்து உள்ளே திரும்புகிற ஒழுங்கையில் இருந்தது. அவன் பாண்டிருப்புப் பொடியன், முப்பது முப்பத்திரண்டு இருக்கும், நெற்றியில் திருநீறு. மேசையில் பெட்டியைச் சரித்துப் போட்டு மூடியைக் கழற்றி வைத்திருந்தான். பக்கத்தில் றஸ்னா. கடைக்குள் இருந்த ஒரேயொரு கதிரையில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பொலிஸ்காரர், காலுக்கு மேல் கால் போட்டு, தொப்பியை முழங்காலில் வைத்திருந்தார்.

மீராசா வாசலிலேயே நின்றுவிட்டார். திரும்பிப் போகலாம் என்று கால் சொன்னது. மகள் உள்ளே நிற்கிறாள்.

"வாங்க வாப்பா" என்றாள் றஸ்னா, கொஞ்சம் பயந்து, கொஞ்சம் வீறாப்பாக.

வினோஜ் காற்றடிக்கிற குழாயைப் பெட்டிக்குள் பிடித்து அழுத்தினான். பொன் நிறத்தில் ஒரு புகை எழும்பிக் கடை முழுக்கப் பரவியது. மேசையில், தரையில், பொலிஸ்காரரின் தொப்பியில் உமி விழுந்தது.

"இதென்ன காக்கா?" வினோஜ் இருமிக்கொண்டே சிரித்தான். "கம்பியூட்டருக்குள்ள நெல்லுக் குத்தினீங்களா? எலி கொண்டு போனா ஒரு பிடி இருக்கும். இது அரை மூட்டை வரும் போல."

பொலிஸ்காரர் தொப்பியைத் தட்டினார். ஒரு உமியை விரலில் எடுத்துப் பார்த்தார். உடைந்த தமிழில் கேட்டார்: "ஐயா மில் வேலையா?"

"ஓம் சேர். மில்லிலதான்."

"கம்பியூட்டரும் மில் வேலையா?"

"இல்ல சேர், இது ஊட்டிலதான் இரிக்கிற..." என்று றஸ்னா தொடங்கினாள்.

"நீ வாயப் பொத்து!"

தான் போட்ட சத்தம் தன் காதிலேயே திருட்டுச் சத்தமாகக் கேட்டது மீராசாவுக்கு. பொலிஸ்காரர் முதல் தடவையாக அவரை நேராக நிமிர்ந்து பார்த்தார். மீராசா சிரிக்கப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் மட்டும் போனது. குனிந்து சாரத்தைச் சரிசெய்தார்.

"சேர், உங்கட பிரிண்டர் மை ரெடி" என்றான் வினோஜ், பொட்டலத்தை நீட்டி. பொலிஸ்காரர் எழும்பினார். வாசலில் மீராசாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "மகள் பாவம் ஐயா. ஏச வேணாம்" என்றார். மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையைத் தாண்டிப் போய் அடங்கும்வரை மீராசா அசையவில்லை.

றஸ்னாவின் கண் நிறைந்திருந்தது. "எல்லாருக்கும் முன்னால இப்படி ஏசுறீங்க. நான் என்ன களவா எடுத்த?"

"நீ ஊட்ட போ மகள். உம்மா தனிய."

"என்ட வேல வாப்பா..."

"போ மகள். அல்லாவுக்காகப் போ."

அந்தக் குரலை அவள் முன்பு கேட்டதில்லை. போய்விட்டாள்.

"தம்பி, அந்த டிஸ்க்கக் கழட்டித் தாங்க" என்றார் மீராசா.

"தங்கச்சிட வேலையெல்லாம் இதிலதானே இருக்கு காக்கா. நான் மாத்திப் போட்டு..."

"தாங்க தம்பி."

வினோஜ் அவரைப் பார்த்தான். பிறகு நாலு ஆணியைத் திருகிக் கழற்றி, அதை அவர் கையில் வைத்தான். பாதிச் செங்கல் அளவுகூட இல்லை. இதற்குத்தானா இவ்வளவும்? சாரத்து மடிக்குள் செருகினால் யாருக்கும் தெரியாது. எங்கே கொண்டு போகலாம்? கடல். கடல் திருப்பித் தரும், அதன் குணம் அவருக்குத் தெரியும். களப்பு. அங்கே வலை போடுகிறவன் இருக்கிறான். மில். வீட்டுப் பின்வளவு மணல். யோசித்த இடமெல்லாம் அந்த ஏப்ரலில் எவனோ ஒருவன் எதையோ ஒளித்த இடமாகவே இருந்தது. மேசையில் கிடந்த வரை இது ஒரு கம்பியூட்டர். மண்ணுக்குள் போனால்? ஏண்டா புதைச்ச என்று கேட்டால் அவருக்கு என்ன பதில் இருக்கிறது?

நின்ற இடத்தில் நின்றார். கால் வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை.

"இருங்க காக்கா" என்றான் வினோஜ். போத்தலில் இருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். கொஞ்ச நேரம் மேசையில் விழுந்த உமியைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். "எங்கட அப்பா ஒருக்கா ஒரு கசெட்ட அடுப்பில போட்டவர். நான் சின்னப் பொடியன். ஆமி ஊர வளைச்சிட்டான், ரவுண்டப் எண்டு சொன்ன உடன. பெரியண்ணன்ட கசெட், இயக்கப் பாட்டா இருக்குமெண்டு பயம். ரப்பர் மணம் ரெண்டு நாளா வீட்டுக்குள்ள. பிறகு பெரியண்ணன் வந்து சொல்றார், அதில பிள்ளையார் பாட்டுத்தான் இருந்ததாம்."

"கேட்டுப் பாக்கல்லையா?"

"கேக்கிறதுக்கும் பயம்தானே. சத்தம் வெளிய போனாலும் எண்டு."

மீராசா தண்ணீரைக் குடித்தார். கதிரையில் உட்கார்ந்தார். கையில் இருந்ததை மேசையில் வைத்தார், ஆனால் அதன் மேல் இருந்து விரலை எடுக்கவில்லை.

"தம்பி. என்ட மகன்ட பயான் இரிக்கி இதில. நான் ஒண்டும் கேட்டல்ல. ஆரு கதைச்ச, என்ன கதைச்ச, தெரியா. எங்கட ஆக்கள்ட்டக் கேக்க ஏலா. போன்ல மகனுக்கிட்டக் கேக்க ஏலா. அவன் வாற மாசம் வாறான்." டிஸ்க்கை அவன் பக்கம் நகர்த்தினார். "நீங்க ஒருக்காக் கேட்டுச் சொல்றீங்களா? பிழை இரிக்கா எண்டு."

வினோஜ் வாசலைப் பார்த்தான். அவனுக்கும் பயம் வந்தது தெரிந்தது. வராமல் இருக்குமா? கொஞ்ச நேரம் தாடையைத் தடவினான். பிறகு டிஸ்க்கை வயரில் கொழுவி, ஹெட்போனை மாட்டினான்.

மீராசா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வயற்காரன் மழை மேகத்தைப் பார்ப்பது போன்ற பார்வை. முகம் ஒன்றும் காட்டவில்லை. பிறகு வாயோரம் இழுபட்டது.

"என்ன? என்ன சொல்றார்?"

"சீதனம் வாங்கிறவன் ரோட்டில பிச்சை எடுக்கிறவனை விடக் கேடு கெட்டவனாம்."

மீராசா வாயை மூடிக்கொண்டார். மகனின் நிக்காஹுக்குப் பெண் வீட்டார் கட்டிக் கொடுக்கிற வீட்டுக்குப் போன கிழமைதான் கூரை போட்டார்கள்.

வினோஜ் இன்னொன்று கேட்டான், இன்னொன்று. தாயைப் பற்றி ஒன்று, வட்டியைப் பற்றி ஒன்று. நாலாவதில் அவன் நெற்றி சுருங்கியது. "இதில ஆள் நல்லாச் சத்தம் போடுறார். அரபுதான் கூட. எனக்கு விளங்கல்ல காக்கா. நீங்களே கேளுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக மீராசா அந்தச் சாமானைக் காதில் வைத்தார். தலைக்குள்ளேயே ஒரு ஆள் ஏறி நின்று கத்தினார். ஓதுகிறார், அழுகிறார், நரகத்தைச் சொல்கிறார், ஏசுகிறார். தர்காவுக்குப் போகிறவர்களை ஏசுகிறாரா, வேறு யாரையாவதா, பிடிபடவில்லை. இதுதானா அது? இதுதானா அந்த ஆள்?

அப்போது மிகக் கிட்டத்தில், காதுக்குள் வாயை வைத்தது போல, ஒரு பொடியனின் குசுகுசுப்பு.

"மச்சான், பசிக்கிடா. இவரு எப்படா முடிப்பாரு?"

இன்னொரு குரல் சிரித்தது. "பொறுடா. சபூர் செய்."

"சபூர் செஞ்சா கொத்துக் கடை பூட்டிருவான்டா."

மீராசா ஹெட்போனைக் கழற்றினார். கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அது இன்னும் பேசுகிறதா என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன காக்கா? பிழையான கதையா?"

"அவர்ட கதை எனக்கு விளங்கல்ல தம்பி. மகன்ட சத்தம் இரிக்கி."

"அப்ப இத மட்டும் எடுத்துருவமா? நான் திரும்ப எடுக்க ஏலாத மாதிரி அழிக்கலாம். மற்றதுகளப் புதுசில போடுவம்."

மீராசா யோசித்தார். அவனுடைய குரல் அங்கே இருக்கிறது என்றால் அவன் அங்கே இருந்தான் என்பதற்குச் சாட்சி. பிடிக்க நினைக்கிறவனுக்கு அது போதும். ஆனால் அவன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்பதற்கு வேறு எங்கே சாட்சி இருக்கிறது? வாப்பா போய் நின்று, என்ட மகன் அப்படிப்பட்டவன் இல்லை சேர் என்றால் யார் கேட்பான்? எல்லா வாப்பாமாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

"அழிச்சா, அவன் அங்க இருந்ததும் போயிரும், அவனுக்குப் பசிச்சதும் போயிரும்" என்றார். "இரிக்கட்டும். எல்லாத்தையும் புதுசில போடுங்க. அவன் வச்ச பேரோட. ஒண்டையும் உட வேணாம்."

"நிச்சயமா?"

"நிச்சயமெண்டு ஆரு சொல்ற? போடுங்க தம்பி."

வினோஜ் இரண்டு டிஸ்க்கையும் கொழுவினான். திரையில் பச்சைக் கோடு ஒன்று பிறந்து, நிற்பதும் நகர்வதுமாகப் போனது. "இது இண்டைக்கு முடியாது காக்கா. நீங்க போயிட்டு நாளைக்கு வாங்க. கடைக்குப் பூட்டு இருக்கு."

மீராசா எழும்பவில்லை. கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் போகிற ஒவ்வொரு தடவையும் அவருடைய கழுத்து தானாகத் திரும்பியது. பிறகு திரையில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்ப்பார். அது கொஞ்சம் போயிருக்கும்.

"நீங்க பூட்டுற வரைக்கும் இரிக்கன்" என்றார். "நாளைக்குத் துறக்கக்குள்ள வந்துருவன். மகள்ட சாமான் தம்பி. உட்டுட்டுப் போக மனமில்ல."